அலுமினியத்தில் பூசக் கூடாது

ஏப்ரல் 28, திங்கள்

நுழைவுத் தேர்வின் முதல் சுற்று இன்று. பத்தே முக்கால் மணிக்குப் பதினேழாம் இருக்கையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. திருப்பதி வெயிலுக்கு எங்கள் கல்லூரி ஏசி எந்த மூலைக்கு? புராசஸருக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. பூசியவள் நான். லேப் இன்சார்ஜும் நான்தான்.

அதில் தேர்வெழுதிக்கொண்டிருந்த பெண்ணை வேறு இருக்கைக்கு மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று. கௌசிகா, கார்வேட்டிநகரம் என்று பட்டியலில் இருந்தது. அவள் அழவில்லை. அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இங்கோசாரி ஜரிகிதே சென்டர் போதுந்தி, ஸ்வர்ணலதா" என்றார் பிரின்சிபால். இன்னொரு முறை நடந்தால் தேர்வு மையம் போய்விடும். மையம் போனால் நானும் போவேன் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டாம் சுற்று மே 12.

மே 2, வெள்ளி

பேஸ்ட் வாங்கச் சலீம் பாய் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் உதிரி விற்பவர்களில் எனக்குத் தெரிந்து பொய் சொல்லாத மனிதர்.

"வெள்ள டியூப்பே போதும்மா. வருசத்துக்கு ஒரு தபா மாத்திக்கினே இரு, ஒண்ணும் ஆவாது."

"ஆச்சே பாய்! காஞ்சி போச்சே!"

"நீ மாத்தி ரெண்டு வருசம் ஆவுது."

உண்மைதான். உண்மை என்பதாலேயே கோபம் வந்தது. மாணவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு வெள்ளையையே வாங்கிக்கொண்டேன். ஆனால் சர்வர்? அது நின்றால் நூற்றிருபது திரையும் ஒரே நேரத்தில் நிற்கும். நூற்றிருபது கௌசிகாக்கள். அதற்கும் இதே பேஸ்ட்டா?

மே 4, ஞாயிறு

நாள் முழுக்க இணையத்தில் பேஸ்ட் பற்றியே படித்தேன். ஒருவன் சாம்பல் நிறப் பேஸ்ட்தான் சிறந்தது என்கிறான், இன்னொருவன் அது வீண் என்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது - லிக்விட் மெட்டல். பாதரசம் போல் ஓடும் உலோகம். எந்தப் பேஸ்ட்டும் கிட்டே வர முடியாதாம். கேட்டால் சலீம் பாய் வேண்டாம் என்பார். அதனால் அவரைக் கேட்காமலே ஆர்டர் போட்டேன்.

"பூசற மருந்துக்கு இவ்ளோ நேரமா பாக்கற? என்னக் கட்டிக்கும்போது இப்டி பாத்தியா?" என்றார் குணா. என் வீட்டுக்காரருக்கு எல்லாமே சிரிப்பு.

மே 7, புதன்

சிரிஞ்சில் வந்தது. ஒரே ஒரு துளிதான். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி போல் பரவியது. சர்வரில் பூசிவிட்டேன். எழுபத்தாறு டிகிரியில் நின்ற சர்வர் ஐம்பத்தொன்றுக்கு இறங்கியது!

மதியம் இரண்டு பங்கு சாப்பிட்டேன். பத்து நாளாகச் சோறு இறங்கவே இல்லை.

மே 9, வெள்ளி

தேர்வு நடத்தும் நிறுவனத்திலிருந்து ஹரிப்ரியா வந்தாள். சித்தூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது சிறியவள், சிரிக்கவே மாட்டாள். மாதிரித் தேர்வு நடத்தினாள், எல்லாம் சரி என்றாள். பிறகு சர்வர் பெட்டியைச் சுற்றி எண் போட்ட சீல்களை ஒட்டினாள். இனி அதைத் தேர்வு முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது. சீல் கிழிந்தால் மையம் ரத்து.

அதே நாள், ரயிலில்

நகரியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டுப் பையில் கசங்கிய தாள் ஒன்று கிடைத்தது. லிக்விட் மெட்டலோடு வந்த குறிப்பு. புதன்கிழமை பழைய பேஸ்ட்டைத் துடைக்கக் கையில் அகப்பட்டது இதுதான். ஒரு நாள் முழுக்கப் படித்தவள் இதை மட்டும் படிக்கவில்லை. அழுக்குக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: அலுமினியத்தில் பூசக் கூடாது. அது அலுமினியத்தை அரித்துவிடும்.

மாணவர் கம்ப்யூட்டர்களின் ஹீட்சிங்கில் நடுவே செம்பு இருக்கும். சர்வரில்? சர்வரில் இருப்பது... செம்பே இல்லை. முழுக்க வெள்ளி நிறம்.

அலுமினியம்.

மே 10, சனி

சிரிஞ்சில் மீதம் இருந்ததை எடுத்துக்கொண்டு சலீம் பாயிடம் போனேன். அவர் திட்டவில்லை. பழைய அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றைக் கீறி, ஒரு துளி விட்டு, "சாயங்காலம் வா" என்றார்.

இடையில் சர்வர் அறைக்குப் போனேன். சூட்டின் அளவைப் பார்க்க வழியில்லை. உள்ளே நுழையும் பாஸ்வேர்டு ஹரிப்ரியாவிடம். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. சூடா? சூடு இல்லையா? என் கைதான் சூடாக இருக்கிறதா?

சாயங்காலம் அந்த ஹீட்சிங்கை சலீம் பாய் விரலால் அழுத்தினார். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அது ஒரு நாள் தாங்கலாம்மா. தாங்காமயும் போலாம். கீழ ஒழுகுச்சின்னா போர்டே பூடும்."

ஐயோ, நான் இன்னா பண்ணி வச்சிக்கிறேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே. ஒரு வார்த்த கேட்டிருந்தா...

மே 11, ஞாயிறு

காலையில் குணாவிடம் சொன்னேன். முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை.

"நீ வாய மூடிக்கினு இரு. மூணு மணி நேரம்தான பரீட்ச? தாங்கும். நின்னுச்சின்னா வெயிலுன்னு சொல்லிடு. எவன் தொறந்து பாக்கப்போறான்?"

அவர் கெட்டவர் இல்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் எனக்குக் குலை நடுங்கியது வேறொன்றால்: அவர் சொன்ன அத்தனையையும் ரயிலிலேயே நான் யோசித்து வைத்திருந்தேன். வெயில் என்று சொல்லலாம் என்பது உட்பட.

பதினொன்று பத்துக்கு ஹரிப்ரியாவுக்கு போன் செய்தேன். மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்த பிறகு.

அதே நாள், மாலை

ஹரிப்ரியா சித்தூரிலிருந்து வேறொரு சர்வரைக் காரில் போட்டுக்கொண்டு வந்தாள். பிரின்சிபால் பக்கத்தில் நிற்க, சீலைக் கிழித்தாள். ஹீட்சிங்கைத் தூக்கியதும் அதன் அடிப்பாகம் ஊறிய பிஸ்கட்டாக உதிர்ந்தது. வெள்ளித் துளி ஒன்று போர்டில் இறங்கி, உலோகப் பின்களுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் நின்றிருந்தது.

 ஹரிப்ரியா என் பக்கம் திரும்பி, "யார் பூசினது?" என்றாள்.

"நான்தான்."

"உங்க தப்பையும் எழுதறேன் மேடம். நீங்களே சொன்னதையும் எழுதறேன்" என்றாள்.

பிரின்சிபால் என் கையிலிருந்து லேப் சாவியை வாங்கிக்கொண்டார்.

மே 12, திங்கள்

என்னைத் தேர்வுக்கூடத்துக்குள் விடவில்லை. வாசலுக்கு வெளியே பெற்றோர்களோடு புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். புது சர்வரைச் சோதித்துத் தொடங்க அரை மணி நேரம் தாமதம். பக்கத்தில் ஓர் அம்மா கோவிந்தா, கோவிந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நானும் கூடவே சொன்னேன். அவர் தன் மகனுக்காக. நான் ஒரு பெட்டிக்காக.

ஒரு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கணக்கு கஷ்டம் என்றார்கள், பசிக்கிறது என்றார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.  

மே 26, திங்கள்

வேலையை விட்டுத் தூக்கவில்லை. அட்மிஷன் கவுண்டரில் விண்ணப்பம் டைப் செய்யும் வேலை. மையம் இருக்குமா என்பது அடுத்த வருடம்தான் தெரியுமாம். யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால் இன்னும் ஹரிப்ரியாவோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

கவுண்டரில் ஓர் அப்பாவும் பெண்ணும். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்ததும் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. கௌசிகா, கார்வேட்டிநகரம்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அப்பா பேசிக்கொண்டே இருந்தார். "ரெண்டு தபா எழுத வேண்டியதாப் போச்சிம்மா. மொத தபா சிஸ்டம் ஆஃப் ஆயிட்ச்சி. ரெண்டாவது தபா அர மணி லேட்டு. எவனோ சர்வர கெடுத்துட்டானாம்."

'ஆமாம் சார்' என்று சொல்லிவிட்டு டைப் அடித்திருக்கலாம். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தேன். 

"கெடுத்தது நான்தான் சார்" என்றேன். "மொதல் தபா சிஸ்டம் ஆஃப் ஆனதும் நான் அத சரியா பாத்துக்காததாலதான்."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்னையே பார்த்தாள், அன்றைக்கு அணைந்த திரையைப் பார்த்தாளே, அதே பார்வை. 

பிறகு விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினாள்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்கறேன், ஆன்ட்டி. எங்க கையெழுத்துப் போடணும்?"