பதினேழாம் தேதி டிக்கெட்

ஸ்ஃபாக்ஸ்
24 ஜனவரி 1999

என் கணவர் ஸி ஹெஷ்மிக்கு ஷாத்லியா எழுதுவது. உங்கள் மேல் சாந்தி நிலவட்டும். உடம்பு நலம்தானே?

உங்கள் கடிதத்தை நம் கடை நாசிஹா நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் கொண்டுவந்து கொடுத்தாள். "இங்கேயே வந்துவிடு, சேர்ந்து இருப்போம்" என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். பெருநாள் காலையில் வெங்காயமும் உலர்திராட்சையும் வேகவைத்து ஷர்மூலா கிளறினேன், உப்பு மீன் அவித்தேன். ஓர் ஆளுக்கு ஷர்மூலா செய்ய யாராலும் முடியாது. நான்கு நாள் அதையே தின்றேன். நான்காம் நாள் முடிவு செய்தேன், வருகிறேன்.

மூன்று மாதம் நம் கடைக்கான துணிச் சரக்கைக் கவனிக்க நான்தான் உங்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பினேன். நீங்கள் அங்கேயே ஒரு பட்டறையில் துணி வெட்டும் வேலைக்குச் சேர்ந்து தங்கிவிட்டீர்கள். அந்த வீம்பில் ஐந்து வருஷம் நான் அந்த ஊர்ப் பக்கமே வரவில்லை, கொள்முதலுக்கு நாசிஹாவையே அனுப்பினேன். வீம்பில் லாபம் ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. கடையை ஒரு வருஷத்துக்கு அவளிடமே வாடகைக்கு விட்டாயிற்று. சாவியும் கொடுத்துவிட்டேன்.

டிக்கெட் ஏஜெண்ட் லஸ்ஸாத் சிரித்தான். "போறதுக்கு மட்டுமா லல்லா? திரும்புற தாள் வேணாமா? எப்பவும் போல ஒண்ணு அடிச்சுத் தர்றேன்" என்றான். நம் வியாபாரத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிற வேலைதானே. சரக்கு என்றைக்கு முடியும் என்று எந்தப் பட்டறைக்காரனும் சொல்லமாட்டான். அதனால் திரும்பும் டிக்கெட்டை யாரும் முன்கூட்டி வாங்குவதில்லை. காசு கட்டாத பதிவுத் தாளை அங்கே விமான நிலைய அதிகாரியிடம் காட்டிவிட்டு உள்ளே போவோம். மூன்று நாளில் அந்தப் பதிவு தானாகச் செத்துவிடும்.

இந்தத் தடவை அது வேண்டாம் என்றேன். புருஷன் வீட்டுக்குப் போகிறவள் எதற்குப் பொய்த்தாள் கொண்டுபோக வேண்டும்? "அதிகாரிக்கு அது தெரியுமா?" என்று கேட்டான் லஸ்ஸாத். தெரியாவிட்டால் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உங்கள்
ஷாத்லியா


இஸ்தான்புல்
30 ஜனவரி 1999

என் லல்லா ஷாத்லியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டறையில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காலையிலிருந்து மூன்று பேன்ட்டுக்கு இடது காலையே இரண்டு தடவை வெட்டிவிட்டேனாம்.

அறை சின்னது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இன்னொரு தலையணை வாங்கினேன். வரும்போது ஹரீஸா விழுது கொண்டுவா. இங்கே மிளகாய் என்று ஒன்றை விற்கிறார்கள், கைக்குழந்தைக்கு ஊட்டலாம்.

ஒன்றுதான் கவலை. தனியாக வரும் பெண்களை இப்போது ரொம்பவே குடைகிறார்கள் என்று கேள்வி. நீ வாயைக் கொடுக்காதே. பட்டறையின் தொலைபேசி எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிறும் வேலை உண்டு, கேட்டால் அதைக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காத்திருக்கும்
ஹெஷ்மி


ஸ்ஃபாக்ஸ்
1 மார்ச் 1999

ஸி ஹெஷ்மிக்கு,

ஏன் போனாள் என்று நாசிஹாவிடம் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? நானே எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள் என்று சொன்னேன். அங்கே நடந்த பேச்சை உங்களிடம் சொல்லவில்லை. மீசை இப்போதுதான் முளைத்த அதிகாரி. என் கடைத்தெருத் துருக்கி மொழியைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எத்தனை நாள் தங்கல் என்றான். "என் புருஷன் இருக்கிற வரைக்கும்" என்றேன். "அப்படி ஒரு கட்டம் இந்தத் தாள்ல இல்லியேம்மா" என்றான். மரியாதையான பையன்தான். தேநீர்கூட வரவழைத்தான். ஆனால் திரும்பும் டிக்கெட் இல்லாதவளை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவோம் என்பதையும் அதே மரியாதையோடு சொன்னான். உங்கள் எண்ணைக் கொடுத்தேன். பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"உன் வீட்டுக்காரரு திரும்புற டிக்கெட் எடுத்து வெச்சிருக்காராமே. பதினேழாம் தேதி. பதிவு நம்பர்கூடச் சொன்னாரு, விமானக் கம்பெனில கேட்டுப் பார்த்தேன், சரியா இருக்கு. பின்ன ஏம்மா இல்லேன்னே?"

முத்திரை விழுந்தது. எனக்கு உங்கள் மேல் பெருமையாகக்கூட இருந்தது. மனுஷன் எங்கேயோ ஓர் ஏஜெண்டைப் பிடித்து ஒரு செத்த தாளைத் தயார் செய்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

இரண்டாம் நாள் கத்தரிக்கோல் தேடி அலமாரியைத் திறந்தேன். டிக்கெட் இருந்தது. சிவப்பு மை, கம்பெனி முத்திரை, என் பெயர், பதினேழாம் தேதி. காசு கட்டி வாங்கிய டிக்கெட்.

பதினான்கு வருஷம் இதே வேலை செய்தவள் நான். அதிகாரிக்குக் காட்ட ஓசித் தாளே போதும் என்பது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். என் பதிவுத் தாள்களை மடித்துப் பையில் வைத்தவரே நீங்கள்தான். சரக்கு வேண்டுமென்றால்தான் ஒருவன் காசு கட்டுவான். நீங்கள் வாங்கிய சரக்கு என் புறப்பாடு.

அப்படி இருக்காது என்று பத்து நாள் பார்த்தேன். கிழித்துப் போடு என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் காத்திருந்தேன். நன்றாகத்தான் நடந்துகொண்டீர்கள். மீன் வாங்கிவந்தீர்கள், கடலைக் காட்டினீர்கள், விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டீர்கள். பத்தாம் நாள் மாலை, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டீர்கள்.

"நாளைக்கு வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொரு பெண் இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பேன். அந்த அறையில் யாரும் இல்லை. யாரும் இல்லாததோடு எப்படிப் பேரம் பேசுவது?

இங்கே என் கடையில் நாசிஹா எனக்கு முக்காலி போடுகிறாள், காப்பி வாங்கித் தருகிறாள். நேற்று ஒரு வாடிக்கைக்காரி என்னைப் பார்த்து, "சரக்கு வந்துருச்சான்னு முதலாளியக் கேட்டுச் சொல்லும்மா" என்றாள். கேட்டுச் சொன்னேன்.

ஷாத்லியா


இஸ்தான்புல்
20 மார்ச் 1999

ஷாத்லியாவுக்கு,

அதிகாரிக்காக வாங்கினேன் என்று இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

நீ வியாபாரத்துக்குப் போன காலத்தில் என்றைக்குத் திரும்புவாய் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. ஸ்ஃபாக்ஸில் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்ப்பேன். பால்காரனாக இருக்கும். இங்கே வந்த பிறகு யாருக்காகவும் எழுந்து போக வேண்டியதில்லை. அது நிம்மதி என்று நினைத்தேன். ஒரு நாள் மாலை அது நிம்மதி இல்லை என்று தோன்றியது, வரச்சொல்லி உனக்கு எழுதினேன். நீ வருகிறேன் என்று எழுதியதும் பயந்துபோனேன். காத்திருந்து பழகியவன் நான். வந்தவளோடு இருக்கப் பழகவில்லை. எத்தனை நாள் என்று தெரிந்தால் தைரியமாக இருக்கும் என்று அந்த டிக்கெட்டை வாங்கினேன். உன்னைப் பார்த்ததும் கிழித்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை.

வண்டிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்று நீ சொல்வாய் என்று. நீ உடனே "சொல்லுங்க" என்றுவிட்டாய். நீ பேரத்தில் எப்போதும் என்னைவிட வேகம்.

உன்னை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த அன்று படிக்கட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக் கிழவர், "சாவியத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் வரட்டுமா? என் சொந்த ஊருக்குள் நுழைய எந்த அதிகாரியும் என்னிடம் திரும்பும் டிக்கெட் கேட்க முடியாது. நீ கேட்பாயா?

ஹெஷ்மி


ஸ்ஃபாக்ஸ்
4 ஏப்ரல் 1999

ஸி ஹெஷ்மிக்கு,

உங்கள் கடிதம் தியாகப் பெருநாள் கழிந்து வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கறி கொடுத்தனுப்பினார்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கேட்பாயா என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். வாருங்கள், கதவு திறந்தே இருக்கும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் என் கண் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. உங்கள் துணி மாட்டிய ஆணிகளில் நூல் கண்டுகள் தொங்குகின்றன. கட்டிலின் உங்கள் பக்கத்தில் பழைய சரக்கு மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன். அவற்றை எங்கே மாற்றுவது என்று யோசித்தேன். அப்போது என் மனசு கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளைக்கு என்பதுதான்.

அந்தப் பையன் கேட்டபோது எனக்கு என்ன கோபம் வந்தது, ஸி ஹெஷ்மி. நீங்கள் அதையே டிக்கெட்டாக வாங்கி வைத்தபோது என்ன ஆங்காரம் வந்தது. இப்போது அதே கேள்வியோடு நானே என் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மேல் சொன்ன குற்றத்தில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, வண்டிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு.

பொய் எழுதி உங்களை வரவழைத்து, பத்தாம் நாள் உங்கள் முகத்தைப் பார்த்து நான் வண்டி கேட்கக் கூடாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆம், கேட்பேன்.

ஆகஸ்டில் வாருங்கள். பதினைந்து நாள் என்னால் முடியும். மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றிவிடுகிறேன். துனிஸுக்கு வந்து விமான நிலையத்தில் நிற்பேன்.

காசு கட்டிய டிக்கெட்டாகவே வாங்குங்கள். தேதியை எழுதுங்கள். இரண்டு தேதியையும்.

உங்கள்
ஷாத்லியா