உண்மையாக ஒரு வாக்கியம்

கள்ளிக்குப்பம்,
12-3-1972

அன்புள்ள அஷ்ரப்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெங்களூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? கல்யாணப் பந்தியில் பார்த்தது, அதன் பிறகு ஒரு கார்டு உண்டா? புருஷன் வந்துவிட்டால் கை எழுதாதோ?

அம்பத்தூர் கம்பெனியில், நாம் கம்பி சுற்றும் காயில் செக்‌ஷனில் புதிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் நம் வார்த்தை ஆட்டம் மட்டும் நிற்காமல் நடக்கிறது. நேற்று என் முறை. வடை மடித்து வந்த பேப்பரில் ‘ஒத்திவைப்பு’ என்று இருந்தது, அதையே கொடுத்தேன். புது வார்த்தையை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம், அதுவும் தன் வாழ்க்கையில் நிஜமானதாக, சைரன் ஊதுவதற்குள் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் எல்லோருடைய டிபன் பாக்ஸையும் கழுவ வேண்டும். நீ போட்ட சட்டம்தானே! வேம்புலியம்மாள் எழுந்து நின்று, “எம் மாமியாரு குளிக்கிறத நாளைக்கி நாளைக்கின்னு ஒத்தி வச்சிகினே கீது” என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. அந்த மாமியாரை நாங்கள் பார்த்திருப்பதால் யாரும் மறுக்கவில்லை.

உன் இடம் காலியாகவே இருக்கிறது. சம்பளமில்லாத லீவு ஜூன் கடைசி வரைக்கும்தான் என்று மேஸ்திரி பக்தவத்சலம் கறாராகச் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் பூந்தமல்லியிலேயே கடிகாரக் கடை போடுவார், ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்று நீ சொன்னதை நம்பி, நான் மேஸ்திரியிடம் பொறுப்பேற்றிருக்கிறேன். மறந்துவிடாதே.

உன்
நாகவல்லி


786
பெங்களூர்,
2-4-1972

பிரியமுள்ள நாகு,

உன் கடிதத்தைப் படித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். பால் பொங்கி வழிந்தது. அதற்கு நீதான் ஜவாப்தாரி.

இங்கே சந்துக்குள் வீடு. கீழே கடை, மேலே நாங்கள். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கன்னடம் படிக்கிறேன். நான் ஏதாவது சொன்னாலே சிரிக்கிறார்கள். எனாமல் கம்பி கிழித்த காயமெல்லாம் விரலில் ஆறிவிட்டது. அவர் நன்றாக வைத்திருக்கிறார். கடை விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

ஆட்டத்துக்கு என் வார்த்தை: ‘பிரமிப்பு’. நீங்கள் ஆடிவிட்டு யார் தோற்றார்கள் என்று எழுது. வேம்புலியக்காவுக்கு என் சலாம்.

அன்புடன்
அஷ்ரஃபுன்னிசா


கள்ளிக்குப்பம்,
28-5-1972

அன்புள்ள அஷ்ரப்,

வார்த்தை வார்த்தையாக அனுப்புகிறாய், ஒன்றுக்காவது உன் வாக்கியம் வரவில்லை. போன கடிதத்தில் ‘நிபந்தனை’ என்று எழுதிவிட்டு உடனே மாம்பழ விலைக்குப் போய்விட்டாய். எனக்குப் புரியாமல் இல்லை. கடிதத்தை அவர் படிக்கிறார், நீ மனசில் இருப்பதை எழுத முடியவில்லை. சரிதானே?

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி போய் உன் அம்மாவைப் பார்த்து, நீ எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். மஹ்பூபா மாமி டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பதில் மட்டும் கொடுக்கவில்லை. “அது அதுங்க இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு அரிசி பொறுக்கப் போய்விட்டார்கள். மறுநாளே உன் வீட்டுக்காரர் பெயருக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன். ‘கலீல் அண்ணன் அவர்களுக்கு, அஷ்ரப்பை வேலைக்கு வரவிடாமல் தடுப்பது நியாயமில்லை’ என்று எழுதினேன். கோபித்தால் கோபிக்கட்டும்.

இங்கே பேக்கிங்கில் பேபி என்று ஒரு பெண், நெமிலிச்சேரியிலிருந்து வருகிறாள். தற்காலிக வேலை. வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். “இன்னா நாகு, உன் கூட்டாளி வருதா இல்லியா? இல்லாங்காட்டி பேபியக் குந்த வெச்சிட்றேன்” என்று மேஸ்திரி கேட்டார். அஷ்ரப் கட்டாயம் வருவாள் என்று சண்டை போட்டேன். பேபி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆட்டத்தில் சேர வந்தவளையும் இடமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

இந்தத் தடவை வார்த்தை என்னுடையது: ‘உத்தேசம்’. உன் வாக்கியம் இல்லாமல் கடிதம் வரக்கூடாது.

நாகவல்லி


786
பெங்களூர்,
9-6-1972

நாகு,

உன் கார்டை அவர் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். “நான் எப்போ உன்னைத் தடுத்தேன்?” என்று கேட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவரைக் கெட்டவராக்கிவிட்டாயே! எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

அவர் என் கடிதங்களைப் படிப்பதில்லை. பூந்தமல்லியில் கடைக்கு முன்பணம்கூடக் கொடுக்க இருந்தார். வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

இதோ என் வாக்கியம்: அம்பத்தூருக்குத் திரும்பி வரும் உத்தேசம் எனக்கு இல்லை.

பொய்யாக எழுத மனம் வரவில்லை. நிஜத்தை எழுதினால் நீ என்ன ஆவாயோ என்று பயம். அதனால்தான் வெறும் வார்த்தையாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியும் சைரனும் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, நாகு. சாப்பாட்டு நேரம் மட்டும்தான் பிடித்தது. இங்கே குழாயடியில் தினம் ஒரு கன்னட வார்த்தை, அதே சட்டத்தோடு, விளையாடுகிறோம். நான்தான் அடிக்கடி தோற்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

அந்த இடத்தைப் பேபிக்குக் கொடுக்கச் சொல்.

அஷ்ரப்


கள்ளிக்குப்பம்,
20-6-1972

அஷ்ரப்புக்கு,

கடிதம் கிடைத்தது. கலீல் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தனியாகவும் அவருக்கு எழுதியிருக்கிறேன்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து பேபி உன் பெஞ்சில் உட்காருகிறாள். கை வேகம். கம்பி கிழித்தால் விரலை ஒரு தடவை வாயில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள். ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டோம். முதல் நாளே என் டிபன் பாக்ஸைக் கழுவ வந்தாள், தோற்றவர்கள்தான் கழுவ வேண்டும் என்று பிடுங்கி வைத்தேன்.

இனி ஆட்டத்துக்கு நீ வார்த்தை அனுப்ப வேண்டாம். வீட்டுச் சேதி இருந்தால் எழுது.

உன் சட்டப்படி, வார்த்தையைக் கொடுத்தவளும் கடைசியாகத் தன் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு உபகாரம் செய்யும் உத்தேசத்தில் நான் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கவில்லை. பக்கத்தில் நீ இல்லாமல் எனக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை.

இப்படிக்கு
தி. நாகவல்லி