இருபத்தொரு நாள் மாத்திரை

1998 மார்ச் 3, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, மழை. ரப்பர் மரங்கள் இப்போதுதான் தளிர் விடுகின்றன. பால் குறைவு. ஸ்டோரில் பாலை நிறுத்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

லெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போய் இன்றோடு இருபத்தைந்து நாள். வீட்டில் நானும் மகள் சுமதியும். சுமதிக்கு நான் பின்னிய சடை பள்ளிக்கூடம் போகுமுன்பே அவிழ்ந்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, தானே முடிந்துகொண்டு போனாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

வாங்க வேண்டியது: சோப்பு, மண்ணெண்ணெய், ல.வுக்குப் போர்வை (வார்டில் குளிராம்).

மார்ச் 5, வியாழன்

தெரணியகலை வரை நடை. பிறகு பஸ். ல. இன்னும் மெலிந்திருக்கிறாள். "சுமதி சாப்பிடுறாளா?" மூன்று தரம் கேட்டாள். என்னைப் பற்றி ஒரு தரம்கூட இல்லை. நியாயம்தான்.

பரிசோதனை அறையில் வேலை செய்யும் மாவனல்லைக்காரர், நாநா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அவரிடம் கேட்டேன். ல.வின் சளியைக் கொழும்புக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகப்போகிறதே, ஏன் இன்னும் முடிவு வரவில்லை?

"இது மத்த கிருமி மாதிரி இல்ல தம்பி. வயித்தால போற கிருமி இருவது நிமிசத்துல ஒண்ணு ரெண்டாகும். காசக் கிருமி ஒரு நாளைக்கு ஒரு தரந்தான். சோம்பேறி. வளர்த்துத்தான் எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பாக்கணும்."

மருந்து போட்டால் சாகத்தானே வேண்டும் என்றேன்.

"எல்லாம் ஒண்ணா சாகாது. சிலது ஒடுங்கிப் படுத்துக்கும். வளராது, பெருகாது. விடாம மாசக்கணக்கா மருந்து போனாத்தான் அதுவும் போகும். நடுவுல விட்டா முழிச்சிக்கும். மருந்துக்கு மசியாத சாதி ஒண்ணு ரெண்டு மிஞ்சியிருந்தா, பொறகு அதுதான் குடும்பம் பெருக்கும்."

எதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்? சும்மாதான் பார்த்திருப்பார். குற்றமுள்ள மனசு.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பால் திரியாமல் இருக்க ஊற்றும் அமோனியா தீரப்போகிறது, லொறி வரவில்லை. இருக்கிறதைக் கொண்டு சமாளிப்போம் என்று ஒவ்வொரு வாளிக்கும் பாதி ஊற்றினேன். பதினொரு மணிக்கே பால் திரிந்து நாற்றம். "ஐயா, அரைகுறையா ஊத்துறதுக்கு ஊத்தாமலே இருந்திருக்கலாம்" என்றாள் பால் வெட்டும் செல்லாயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். நாற்பது வயதில்.

மார்ச் 8, ஞாயிறு

பூசாரி வந்தார். திருவிழாவுக்குக் கமிட்டி கூட்ட வேண்டுமாம், தலைவர் நான்தானே. இந்த வருசம் வேறு யாரையாவது வையுங்கள் என்றேன். "என்ன தலைவரே இப்படிச் சொல்றீங்க, அம்மா கோவிச்சுக்குவா." கோவிக்கட்டும்.

யாரும் பார்க்காத புத்தகம்தானே. எழுதிவிடுகிறேன்.

போன வருசம் ல.வுக்கு ஆறு மாத மாத்திரை. இரண்டாவது மாதம் நடக்கும்போது சுமதிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பு இல்லை, வெளியாள் இல்லை, மருந்து இல்லை. வீட்டில் அம்மா இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து கூடாது என்பது லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைக்குத்தான் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் கோயில் தலைவர். என் வீட்டில் யாருக்குமே கூடாது என்றேன்.

"என் மாத்திரைக்கும் அவ அம்மைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

ல. எழுந்து வேப்பிலை அரைக்கப் போனாள். மாத்திரையை எடுத்து ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைக்கு மூன்று தண்ணியும் ஊற்றி, கோயிலுக்குக் கூழ் ஊற்றும் வரை இருபத்தொரு நாள். கிளினிக் கணக்கில் தெரியாதபடி, அந்த நாட்களில் மிச்சமான மாத்திரைகளை ஆற்றில் போட்டேன். கிளினிக்கில் நர்ஸ் கேட்டார், "பெஹெத் ஒக்கோம பிவ்வாத?" எல்லாம் குடித்தாச்சு மிஸ் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். சிங்களத்தில் எனக்குத் தடுமாற்றமே கிடையாது.

பிறகு மிச்ச மாதங்கள் ஒழுங்காகக் குடித்தாள். இருமல் நின்றது. சதை போட்டது. மார்கழியில் திரும்பவும் இரத்தம்.

மார்ச் 10, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. முக்கியமான இரண்டு மருந்துக்கும் கிருமி சாகவில்லை. வேறு மருந்து இருக்கிறது, நீண்ட காலம் எடுக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதே மூச்சில் கேட்டார், இடையில் எப்போதாவது நிறுத்தினீர்களா?

வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கட்டிலில் இருந்து ல. முந்திக்கொண்டாள்.

"மம தமய் நெவெத்துவே." நான்தான் நிறுத்தினேன். கசப்பு, வாந்தி வந்தது, அதனால் என்றாள்.

டாக்டருக்குக் கோபம். வார்டு முழுவதும் கேட்க ஏசினார். படிப்பறிவில்லாத வேலை, உன்னையும் கெடுத்துப் பிள்ளையையும் கெடுப்பாய். ல. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போர்வையை மடித்துக்கொண்டு நின்றேன். மடித்த போர்வையையே திரும்பவும் மடித்தேன்.

அவர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன்.

"உங்களுக்காக இல்லீங்க. நீங்க உள்ளத சொன்னா அம்மை வந்த கதையும் வரும். லயம் முழுக்க அதையே பேசும். தன்னாலதான் அம்மாவுக்கு இப்படின்னு சுமதி நெனச்சுக்குவா. காலம் பூராவும்."

என்மேல் கோபமில்லையா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 12, வியாழன்

லீவு போட்டு ஆஸ்பத்திரி. டாக்டரைத் தனியாகப் பார்த்து எல்லாம் சொன்னேன். அம்மை, பூட்டு, ஆறு. பேனாவை மூடி வைத்துக் கேட்டார். ஏசவில்லை. அட்டையில் ஏதோ திருத்தி எழுதினார். இதனால் மருந்து மாறுமா? மாறாது என்றார்.

எனக்கும் சுமதிக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதித் தந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை.

மார்ச் 14, சனி

எங்கள் இரண்டு பேர் எக்ஸ்ரேயும் சுத்தம்.

திரும்பி வந்து சோறு போட்டேன். சுமதி சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். என்னடா என்றேன்.

"பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனேம்ப்பா. எனக்கு அம்மை போட்டதாலதான் அம்மாவுக்கு மருந்து வேல செய்யலன்னு பேசிக்கிறாங்க."

வேப்பிலை கட்டியது லயமே பார்த்ததுதான்; ல. அத்தனை ஏச்சு வாங்கியும் பிரயோசனமில்லை.

"இல்லம்மா. உன்னால இல்ல. அப்பாதான் நிறுத்துனேன். மாத்திரையப் பூட்டி வச்சேன்."

பிசைவதை நிறுத்தினாள்.

"அம்மா கேட்டாங்களா? வேணும்னு?"

"கேட்டா."

"எத்தன தடவ?"

ஒரு தடவைதான் என்றேன். நீங்க ஏசியிருப்பீங்க என்றாள்.