மச்சாள் போட்டுத் தந்த பந்து

அன்பு மச்சாள் றீற்றாவுக்கு,

அங்கை எங்கள் ஊர் எல்லே விளையாட, தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட, வெளி இருக்கிறதா? இருந்தால், உங்கள் பந்தை அடிக்க யாரைப் பிடித்தீர்கள்? என்னைவிட நன்றாக அடிக்கிறவள் என்றால் சொல்ல வேண்டாம்.

இஞ்சை எல்லோரும் சுகம். அண்ணா உங்களைப் போலவே மீன்குழம்பு வைக்கிறேன் என்று புளியை அள்ளி ஊற்றுகிறார். நாங்களும் முகம் கோணாமல் சாப்பிடுகிறோம். போன ஞாயிறு நகரத்துக்கு வெளியே பகேரியாப் பக்கம் எங்கள் கோயில் பங்கின் ஒன்றுகூடல் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் எல்லேயில் அடிக்கிறவர்தான் தனக்குப் பந்து போடுகிறவரைத் தன் பக்கத்திலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். நீங்கள் இருந்தவரை எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. நான் ஒவ்வொரு பந்தாக வேண்டாம் என்று விட்டுக்கொண்டே நிற்பேன். "வியா மக்வேதாக் கடைத்தெருவிலை சப்பாத்து வாங்க வந்த மாதிரி நிக்கிறீர்" என்று ஏசுவீர்கள். ஏசிக்கொண்டே அடுத்ததை இடுப்பளவில், மெதுவாகத் தருவீர்கள்.

போன மாதம் டிலானி வந்து, "மாமி, இந்தமுறை நான் உங்களுக்குப் போடுறன்" என்றாள். உங்கள் மகள் இப்போது பேஸ்போல் பழகுகிறாள், மச்சாள். எறிந்தால் பந்து தெரியாது, சத்தம்தான் கேட்கும். "உன்ரை பந்துக்கு நிண்டால் என்ரை பல்லு கடலிலை போய் விழும்" என்று பகிடி விட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை.

"அம்மான்ரை இடத்துக்கு என்னை விட விருப்பமில்லை. அதைச் சொல்லுங்கோ" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அது பொய்யென்றால் எனக்கு ஏன் அப்படிக் குத்தியது? பிறகு அவள் ஞாயிற்றுச் சோற்றுக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. உங்களை இழந்த கையோடு அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

ஒன்றுகூடல் அன்றைக்கு என் முறை வந்தது. தடி அதேதான், நீங்கள் வேலை செய்த சிஞ்ஞோரா வீட்டில் கழித்துவிட்ட, கூட்டுகிற தும்புத்தடிக் கட்டை. யார் போடுகிறது என்று கேட்டார்கள். "டிலானி" என்றேன். தூர நின்றவள் பந்தோடு கிட்ட வந்தாள்.

"பயப்பிடாதேங்கோ மாமி. நான் வாசிச்சுப் பாத்தனான். பேஸ்போலுக்கு முந்தின விளையாட்டுகளிலை பந்து போடுறவர் எதிரி இல்லையாம். கையைக் கீழாலை வீசி, அடிக்கச் சுகமாய்க் குடுக்கிறதுதான் அவரின்ரை வேலையாம். ஒரு விளையாட்டிலை அவருக்கு 'ஊட்டுறவர்' எண்டுதான் பேராம்."

"பிறகேன் இப்ப பல்லை உடைக்கினம்?"

"வெல்ல ஆசை வந்திட்டுது. வேகமாய்ப் போட்டினம், சுழட்டிப் போட்டினம், கடைசியிலை தோளுக்கு மேலாலையும் எறியத் துவங்கிட்டினம். அடிக்கிறவையும் லேசுப்பட்ட ஆக்களில்லை. விரும்பின பந்து வருமட்டும் அடிக்காமல் நிண்டு ஆளைக் களைக்கப் பண்ணினவையாம்."

"என்னை மாதிரி."

"ஓம், உங்களை மாதிரித்தான்." அப்போதுதான் சிரித்தாள். "உயரவோ, பதியவோ? ஒரு காலத்திலை அப்பிடிக் கேட்டுத்தான் போட வேணுமாம்."

"கொம்மா ஒருநாளும் கேட்டதில்லை."

"அம்மாக்குத் தெரியும். எனக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும், மாமி."

"இடுப்பளவு" என்று மட்டும் சொன்னேன்.

வேகமாக எறிகிற கைக்கு மெதுவாகப் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒன்று காலடியில் விழுந்தது. இன்னொன்று தலைக்கு மேலால் போனது. நான் வாயே திறக்கவில்லை, நம்புங்கள். அதற்குப் பிறகு ஒன்று வந்தது, நீங்கள் போட்டது மாதிரியே. அடித்தேன். எல்லோருடைய தலைக்கும் மேலால் பறந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன். "ஓடும் மச்சாள், ஓடும்" என்று நீங்கள் கத்துவீர்கள் அல்லவா? அதற்காகக் காத்து நின்றிருக்கிறேன்.

"ஓடுங்கோ மாமி, ஓடுங்கோ" என்று சத்தம் கேட்டது. ஓடினேன். பாதி வழியில் முதுகில் பந்தால் எறிந்து என்னை அவுட்டாக்கினார்கள், அது வேறு கதை.

பின்னேரம் டிலானி அண்ணாவோடு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். "அப்பா, குழம்புக்குப் புளி காணாது" என்றாள். பகிடியில் அவள் என் பக்கம்தான், மன்னியுங்கள்.

அடுத்த வருடம் அவள் அடிக்கப் போகிறாள். பந்து போட என்னைக் கேட்டிருக்கிறாள். நான் அடித்தே பழகியவள், மச்சாள். யாருக்குப் போட்டேன்? இப்போது வேலை முடிந்து வந்து, மொட்டைமாடியில் உடுப்புக் கூடைக்குள் போட்டுப் பழகுகிறேன். கூடையைத் தவிர எல்லாவற்றிலும் படுகிறது. ஆனாலும் பழகிவிடுவேன். அவள் எத்தனை பந்தை வேண்டாம் என்று விட்டாலும் ஏசிக்கொண்டே அடுத்ததைப் போடுவேன். கேட்டுக் கேட்டு, அவளுக்குப் பிடித்த உயரத்தில்.

உங்கள் பந்திலேயே வளர்ந்த மச்சாள்,
டிலானியின் மாமி,
மேரி