களிறு என்றால் கொசு

பிப்ரவரி 4

எவரும் நம்ப மாட்டாத ஒரு வரலாற்றை இன்று முதல் எழுதப் போகிறேன் என்று சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். (கையைக் கொஞ்சம் மேலேதான் பிடித்தேன். வரலாறு எழுத விரல் வேண்டுமே.)

பழைய பேப்பர் கடையில் ஓர் அகராதி வாங்கினேன். தராசில் ஒரு பக்கம் அதை வைத்ததும் மறுபக்கம் கடைக்காரரோடு சேர்ந்து கூரைக்குப் போய்விட்டது. ஏணி வைத்து அவரை இறக்கிய பிறகுதான் பேரம் படிந்தது. தினமும் ஒரு பக்கம் படித்து, உயிரெழுத்து முடிவதற்குள் அத்தானை வாக்குவாதத்தில் மண்ணைக் கவ்வ வைப்பது திட்டம். இத்தனை வருடமும் அவரே ஜெயித்து வருகிறார். அறிவு எனக்குத்தான் அதிகம். சொல் இருப்பு அவரிடம் அதிகம்.

அத்தான் அகராதியைப் பார்த்தார். "என்ன மச்சான், தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"தங்கள் அசட்டை என்னை அங்கலாய்க்க வைக்கிறது" என்றேன். 'அ'வைத் தாண்டாமலே இவ்வளவு!

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே."

அக்கா மகள், அதாவது என் மருமகள், விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6

சலவைக் கடை அக்காவுடையது. பின்னறையில் இஸ்திரி போடுவது நான். அத்தான் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் கடை ஓடியது அக்காவின் வாயால்.

துணியை அவள் சும்மா வாங்க மாட்டாள். கொண்டு வந்தவர் முன்னாலேயே உதறி விரித்து, உரக்கச் சொல்வாள்: "காலர்ல மசி. இடது கையில கிழிசல். மூணாவது பொத்தான் இல்ல. சரிதானே?" அவர் தலையாட்டினால்தான் துணி உள்ளே வரும். 'குறை சொல்லி வாங்குறது' என்று எங்கள் கடையில் இதற்குப் பெயர். அதனால் எங்கள் கடையில் பிற்பாடு தகராறே வந்ததில்லை. நாடாளும் மன்னர்களே அங்கியைக் கொடுத்துவிட்டு அக்கா முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள்.

டிசம்பரில் அவள் மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. ஆனால் பேச வாயெடுத்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடுகிறது. உடனே உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். இப்போது வாயெடுப்பதே இல்லை.

பிப்ரவரி 9

அவள் குரல் கேட்காமல் எனக்கு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 11

நான் குறை சொல்லி வாங்கப் போனேன். தப்பு என்னுடையதுதான் — ஒரு சொட்டு டீக் கறையை 'இந்தக் கால்சட்டையில் ஒரு டீக்கடையே கவிழ்ந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் கோபித்துக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போய்விட்டார். என் வாயில் வரும் குறையை யாரும் நம்புவதில்லை. மருமகளுக்கோ கல்லூரி. அவள் வாங்கினால் 'சரிங்க, சரிங்க' என்று வாங்கிப் போட்டுவிடுகிறாள்.

சாயங்காலம் அத்தான், "மார்ச் கடைசியில கடையைக் கைமாத்திடலாம்னு இருக்கேன்" என்றார். தெரு மூலையில் செல்போன் கடை வைத்திருப்பவர் கேட்கிறாராம்.

கைமாத்துறதா? யாரைக் கேட்டு? அவ அங்கதான உக்காந்திருக்கா? அவளைக் கேக்க வேண்டாமா? கேட்டா பதில் சொல்ல முடியாதுன்னு கேக்காம விட்டுட்டா ஆச்சா?

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அகராதியில் இதற்கான பக்கம் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 15

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பட அட்டைகளோடு வந்தார். நல்ல பெண். "அம்மா, இது என்ன? பூ... பூனை. சொல்லுங்க பார்ப்போம்."

அக்கா பூனையைப் பார்த்தாள். பூனை அக்காவைப் பார்த்தது. அட்டையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஊரார் சட்டையையெல்லாம் எடை போட்டவளிடம் போய்ப் பூனை காட்டினால்?

பிப்ரவரி 19

அகராதியை இஸ்திரி மேஜையில் விரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அக்கா நாற்காலியைப் பின்னறைக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். நானாகக் கூப்பிடவில்லை.

உள்ளதை உள்ளபடி படிப்பது எனக்கு ஒத்துவராது. "ஆழி" என்று படித்தேன். கடல் என்று போட்டிருந்தது. "ஆழி — ஒரு டம்ளர் தண்ணீர்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் லீவு என்று வந்து சொன்னபோது பார்த்த அதே பார்வை. மூன்று சட்டை சுருக்கம் நீங்கி நேரானது அந்தப் பார்வையில். நான் பெட்டியைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 20

வரிசையாகப் போனால் பொறுமை இல்லை. நடுவில் திறந்தேன்.

"களிறு" என்றேன். "காதுகிட்ட வந்து பாடுற கொசு."

நாற்காலி கிறீச்சிட்டது.

"பொய்."

நான் நிமிர்ந்தேன். இஸ்திரிப் பெட்டி எங்கே இருந்தது என்பது நினைவில் இல்லை.

"என்னக்கா?"

"பொய்! கொசு... இல்ல. அது... அது... யா... யானை. ஆண். ஆண் யானை!"

பிறகு மூக்கை உறிஞ்சினாள். "க... கருகுது."

அகராதியின் மேல்தான் பெட்டியை வைத்திருந்தேன். களிறு இருந்த பக்கம் பெட்டி வடிவத்தில் பழுப்பாகி, நடுவில் பொத்துப் போயிற்று. அந்தப் பக்கத்துச் சொற்களுக்கு இனி உலகம் உள்ளவரை நான் சொல்வதே பொருள்.

எல்லோரையும் கூப்பிட்டேன். கூப்பிட்ட சத்தத்தில் கூரை ஓடு மூன்று கழன்று பறந்தது. கண்ணில் நீராவி வேறு.

மார்ச் 3

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் மருமகள் போட்டுக் கொடுத்துவிட்டாள். "மாமா எல்லாத்துக்கும் தப்புத் தப்பா அர்த்தம் சொல்றாரு." நான் தூக்கு மேடைக்குத் தயாரானேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் வாசலில் நின்று கேட்டார்.

"ஞமலி — மந்திரிகள் உட்காரும் ஆசனம்."

"பொய். நாய். முட்... முட்டாள்."

"முட்டாள்னு நான் சொல்லிக் கொடுக்கலையே?" என்று அந்தப் பெண் சிரித்தார். "நிறுத்தாதீங்க சார். தினமும் பொய் சொல்லுங்க."

இவ்வளவு வருடம் கழித்து என் திறமைக்கு மருத்துவச் சீட்டே கிடைத்துவிட்டது. இறும்பூது எய்தினேன். ('இ' முடிந்துவிட்டது என்பதைக் கவனிக்கவும்.)

மார்ச் 17

பின்னறையில் அக்காவுக்கு வாய் ஓயவில்லை. முன்னே வாடிக்கையாளரைக் கண்டால் பூட்டு விழுந்துவிடுகிறது.

இன்று கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கையிலும் ஒரு கோட்டோடு வந்தார். மருமகள் வாங்கினாள். அக்கா எட்டி அதன் உட்பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்து, "அது..." என்றாள். அவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார்.

அவள் விரல் கோட்டிலேயே இருந்தது. செல்போன் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார். நானாவது அத்தானைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நூற்றுக்கணக்கில் படித்தேனே, எங்கே போயிற்று?

மார்ச் 22

வரலாறு.

செல்போன் கடைக்காரர் டேப்பை விரித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். அத்தான் மறுமுனையைப் பிடித்திருந்தார். அப்போது கோட்டுக்காரர் வந்து, கோட்டைப் பிரித்துப் பார்த்து, கத்தினார்.

"என்னய்யா இது? பொசுக்கி வச்சிருக்கீங்க! இது என்ன விலை தெரியுமா?"

"என் பெட்டி எறும்பைக் கூடப் பொசுக்கியதில்லை" என்று முழங்கினேன். எல்லோரும் பின்னறை மேஜையில் கிடந்த கருகிய அகராதியைப் பார்த்தார்கள்.

அத்தான் டேப்பை விட்டுவிட்டுக் கைகூப்பப் போனார். "மன்னிச்சிடுங்க சார், வீட்டுல உடம்பு சரியில்ல, அதான்..."

"பொய்."

அக்கா எழுந்து நின்றாள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"பொய். இஸ்திரி... இல்ல." கோட்டை இழுத்தாள். உதறினாள். அந்த உதறல்! டிசம்பருக்குப் பிறகு அதை இன்றுதான் கேட்கிறேன். "உள்... உள் பை. ரெண்டு. ஓட்டை. பொட்டு மாதிரி. பெட்டி..." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "பெட்டி இவ்ளோ பெருசு. இது... சி... சிகரெட். வரும்போதே."

அவர் வாயைத் திறந்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"பின்னாடி... தையல் விட்டிருக்கு. ஒரு பொத்தான்... வேற கலர். சரி... தானே?"

கோட்டுக்காரர் தலையாட்டினார். ஆட்டின வேகத்தில் தலை கழன்று உருண்டு வாசல்வரை போனது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

அக்கா அப்படியே செல்போன் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் டேப்போடு இரண்டடி பின்வாங்கினார்.

"உங்க... சட்டை. பாக்கெட்ல மசி. காலர் நைஞ்சிருக்கு. துவைக்கவா... வந்தீங்க?"

"இல்லைங்க, கடையை..."

"துவைக்க... இல்லன்னா... அங்க." வாசலைக் காட்டினாள்.

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். "வேற இடம் பாருங்க தம்பி. உரிமையாளரம்மா பேசிட்டாங்க."

நான் சொல்ல வைத்திருந்த மகத்தான சொற்களில் ஒன்றும் தேவைப்படவில்லை. பரவாயில்லை, மடித்து வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5

வாடிக்கையாளர்கள் இப்போது கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கிறார்கள். எதிர்த்த கடைக்குப் போன டீக் கறைக்காரரும் திரும்பி வந்துவிட்டார்.

அகராதி இன்னும் 'ஈ'யில் இருக்கிறது. இன்று ஒரு மாறுதலுக்கு இந்த டைரியை அக்காவுக்கு முதலிலிருந்து உரக்கப் படித்தேன்.

பேப்பர் கடைக்காரர் தராசோடு கூரைக்குப் போனது — "பொய்."

மன்னர்கள் கைகட்டி நின்றது — "பொய்."

பார்வையில் சட்டை நேரானது, ஓடு பறந்தது, தலை உருண்டது — "பொய். பொய். அட... பொய்!"

நீராவிக்கு மட்டும் ஓர் உபரி: "அன்னிக்கு... பெட்டியில தண்ணியே ஊத்தல, நீ."

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஒரே வரி, அவள் குரலைப் பற்றி. படித்துவிட்டுக் காத்திருந்தேன். அக்கா கையிலிருந்த சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"பொய்னு சொல்லேன்க்கா."

சொல்லவில்லை. சட்டையை என் மேஜையில் போட்டாள்.

"மேல... படி."

ஆக, அந்த ஒரு வரி உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.