அப்பாவின் நனைந்த கட்டு

அன்புள்ள ஹெட்விக்,

இங்க நானும் அப்பாவும் நாயும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு உயிரோட நல்லாவே இருக்கோம், நீயும் அங்க லுண்ட் ஊர்ல வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்னு நம்புறேன். போன்ல சொல்லியிருக்கலாம், அப்பா பக்கத்துலயே உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாரு, அதான் கடிதம். அவரு கால் விஷயம், முழுசாப் படி, நடுவுல அழுது வைக்காதே.

நம்ம வீட்டு வழக்கம் தெரியுமே, யாராவது வர்றாங்கன்னா ஜன்னல் கண்ணாடி வரைக்கும் துடைச்சு வச்சாத்தான் காபியையே அடுப்புல ஏத்துவோம். நர்ஸ் மாய்-லிஸ் வாரா வாரம் வந்து அப்பா கணுக்கால் புண்ணுக்குக் கட்டு மாத்துறா, பழைய கட்டைப் பையில போட்டு நீ வேலை பாக்குற ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புறா. ஒவ்வொரு தடவையும், கட்டு காஞ்சிருக்கே, நல்லா ஆறிட்டு வருது எவர்ட்னு அப்பாகிட்ட சொல்லிட்டு, ஏலக்காய் பன்னைத் தின்னுட்டுப் போவா. இவரும் கடமான் வேட்டைக்குக் கிளம்பிடலாம்னு துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு மட்டும் படுக்கையில ஒரு வாடை. கேட்டா நாய்ங்கிறாரு. பாவம், அந்த நாயைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே அதுக்குச் சளி பிடிச்சுது! போன வாரம் சானாவுல, அந்த நீராவிக் குளியல் அறையில, அடுப்பைச் சுத்தம் பண்ணப் போனா, சாம்பலுக்குள்ள பாதி எரிஞ்ச கட்டுத்துணி, பச்சையும் மஞ்சளுமா. அடப்பாவி மனுஷா! மாய்-லிஸ் அவசரத்துக்குன்னு வச்சுட்டுப் போன புதுத் துணியில இருந்து எடுத்து, அவ வர்ற அன்னிக்குக் காலையில புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டுக்கிட்டு, நனைஞ்சதைக் கொளுத்தியிருக்காரு. வீட்டைத் துடைக்கிற மாதிரி காலையும் துடைச்சு வச்சிருக்காரு விருந்தாளிக்கு. காலைப் பிரிச்சுப் பாத்தா, அவ வந்துட்டுப் போனப்புறம் ஏறினது, முழங்கால் வரைக்கும் சிவந்து கொதிக்குது. அப்படியே கார்ல தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எலும்புக்குள்ள இறங்கியிருந்தா காலை எடுக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னாரு. நல்லவேளை இறங்கலை. மருந்து ஏத்தி ஏத்திச் சிவப்பு வடிஞ்சுது, வீட்டுக்கும் வந்துட்டோம். கால் இருக்கு, வேட்டைதான் இல்லை.

ஏன்யா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டேன். அந்தக் கட்டு ஹெட்விக் மேஜைக்குப் போகுது, எம் பொண்ணு என் சீழை மோந்து பாக்கணுமான்னாரு. பையில நம்பர்தான் இருக்கும், பேரே இருக்காதுன்னேன். என் நாத்தம் அவளுக்குத் தெரியாதாங்கிறாரு! நீ சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொன்னேன், புண்ணு நீர்ல இருக்கிற நம்ம புரதத்தைக் கிருமி கடிச்சுத் துண்டு துண்டாப் போடும், அந்தத் துண்டுங்கதான் பெப்டைடு, நிலவறை உருளைக்கிழங்குல பல்தடத்தைப் பாத்து எந்த எலின்னு நாம சொல்ற மாதிரி, துண்டைப் பாத்து எந்தக் கிருமின்னு அவ கண்டுபிடிக்கப் பாக்குறா, நீங்க கழுவிக் குடுத்தா அவ என்னத்தைப் பாப்பான்னு. அப்புறம் கேட்டேன், அவளுக்கு ரெண்டு வயசுல முதுகுல கட்டி உடைஞ்சு ஒழுகினப்போ நான்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டேனே, மடியில கவுத்துப் போட்டுப் பாடிக்கிட்டே துடைச்சுவிட்டது யாருன்னு. நாயைத் தடவிக்கிட்டே, போய்க் காபி போடுன்னாரு. ஆனா இன்னிக்கு மாய்-லிஸ் வந்தப்போ, நனைஞ்ச கட்டோடயே காலை நீட்டினாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு, காபி எடுக்கப் போற மாதிரி உள்ள போயிட்டேன்.

நீ நல்லா இருக்கணும், உன் கை தொட்ட வேலை விளங்கணும். ஜாம் அனுப்பியிருக்கேன், யாருக்கும் குடுக்காம நீயே தின்னு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ கண்ணு. வர்ற பைங்கள்ல அப்பாவோடது எதுன்னு உனக்குத் தெரியப் போறதில்லை. அதனால எந்தப் பையைத் திறந்தாலும் முகத்தைச் சுளிக்காதே.

உன் அம்மா
ராக்னில்ட்