சிவப்புப் புள்ளி வைத்தவள்

ஜூன் 3, திங்கள்

லோகேஷ் இன்றும் மாத்திரைக்கு வந்தான். ஊசியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் லைன், இரட்டை ஷிப்ட், முதுகுவலி என்று வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தவன். இப்போது தினமும், ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புது ஊசியும் மாற்று மாத்திரையும் கொடுக்கும் எங்கள் மையத்துக்கு வந்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அதற்கு இரண்டு பஸ்.

"இத்த நம்ம காலனியிலயே குடுத்தா இன்னாக்கா? லேட்டு லேட்டுன்னு சூப்பர்வைசர் திட்டிக்கினே கீறான்."

கேட்கிறேன் என்றேன். விடமாட்டேன்.

ஜூன் 11

மேலாளர் ஜனார்தன் சார் சொன்னார்: "காலனிக்கு டாக்டர் வரணும்னா தேவையைக் காட்டணும் சத்யப்பிரியா. மேப் போடுங்க. ஊசி போடறவங்க வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி."

ஜூன் 14

காலனியில் பத்தொன்பது புள்ளி, மாத்திரைக்கு மாறிவிட்ட லோகேஷ் வீட்டுக்கும் ஒன்று. ஊர்த்தெருவில் பதினொன்று, ரகுபதியையும் சேர்த்து. அவனுடைய அப்பா தாண்டவராயன் எப்படியோ தெரிந்துகொண்டு என்னை வழியில் நிறுத்தினார்.

"பையனுக்குப் பொண்ணு பாக்கறோம்மா. எங்க தெருவ வுட்டுடு."

என் அப்பாவை "டேய்" என்று கூப்பிடும் மனுஷன் என்னை "அம்மா" என்கிறார்! ஊர்த்தெருவை அழித்துவிட்டேன். பயந்தா? இல்லை. காலனியில் மட்டும் புள்ளி இருந்தால் டாக்டர் காலனிக்குத்தானே வருவார்? நல்லதாகப் போயிற்று.

ஜூலை 2

டாக்டர் வரவில்லை. போலீஸ் வந்தது.

கையில் என் மேப்பின் ஜெராக்ஸ். ஒரு வீடு தப்பாமல் நுழைந்தார்கள். லோகேஷ் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் கையில் இருந்த பழைய ஊசித் தழும்பைக் காட்டி இழுத்துப் போனார்கள். ஊர்த்தெருப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐயோ, நான்தானே வரைஞ்சேன். என் கையாலதானே.

ஜூலை 3

"மீட்டிங்ல போலீஸ்காரங்க கேட்டாங்க, குடுத்தேன். நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்" என்கிறார் சார். நானும் அப்படித்தானே நினைத்தேன்?

ஜூலை 16

சிறையில் லோகேஷுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லி நான்காவது கடிதம் போட்டேன். மூன்றுக்குப் பதில் இல்லை.

ரகுபதியைப் பெங்களூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், ஏசி அறை. தெருவில் கேட்டால் "டிரெய்னிங்". அதே மாத்திரை, அதே ஊசி. அவனுக்கு வந்தால் சீக்கு, இவனுக்கு வந்தால் கேஸ். த்தூ.

ஆகஸ்ட் 6

லோகேஷ் ஜாமீனில் வந்துவிட்டான். உள்ளே மாத்திரை இல்லாமல் பத்து நாள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தானாம். கம்பெனியில் வேலை போய்விட்டது. பார்க்கப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான்.

"உன் நோட்டுல என் பேரு கீதுல்ல? அடிச்சிடு. இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்."

மன்னிச்சிடுடா என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் 20

பத்தொன்பது பேரில் ஒருவர்கூட மையத்துக்கு வருவதில்லை. "காலனியில் ஊசிப் பழக்கம் வெகுவாகக் குறைந்துள்ளது" என்று சார் அறிக்கை எழுதியிருக்கிறார். டைப் அடித்தது நான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் லோகேஷின் மனைவி தென்றல் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒரே ஊசிய நாலு பேரு மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்கக்கா. பயமா கீது. புதுசு குடு, நான் எட்துகினு போறேன். பேரு மட்டும் எழுதாத."

எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு மூணு. அவருக்கு மட்டும்."